உம்மா கை காட்டினால்தான் டோசர் ஏறும்

எங்கள் வாப்பாவும் உம்மாவும் ஒரு தடவை பதினோரு நாள் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். அந்தப் பதினோரு நாளும் வீட்டில் தபால் வேலை பார்த்தது நான். எனக்கு அப்போது பத்து வயது. ஒரே பிள்ளை என்பதால் அந்த வேலையில் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை.

அது லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வாப்பாவுக்குக் காது மந்தம். சவுதியில் ஒன்பது வருடம் புல்டோசர் ஓட்டி, காதை அந்த எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர். உம்மா அடுப்படியில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து அனுப்புவதை நான் வாசலில் வாப்பாவின் காதருகே நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். "வாப்பா, சோறு மூடி வச்சிருக்காம்! வேணும்னா போட்டுத் தின்னுக்கிடணுமாம்!" மேலகரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்துவதையே விட்டுவிட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "ஏட்டி, இன்னைக்கு என்ன சேதி?" என்று கேட்பாள். மானம் போகும்.

அதனால் சேதியைக் கொஞ்சம் பதப்படுத்திக் கொண்டுபோகப் பழகினேன். "உங்க வாப்பாவுக்கு வீடு எங்கன இருக்குன்னு ஞாபகம் இருக்கான்னு கேளு" என்று உம்மா சொன்னால், "வாப்பா, சீக்கிரம் வரணுமாம்!" என்று போய்ச் சொல்வேன். "வருவேன், என்ன அவசரமாம்?" என்று அவர் எரிந்து விழுந்தால், "இந்தா வந்துருவாவளாம்" என்று வீட்டில் வந்து சொல்வேன். ரெண்டு பேருக்கும் நல்லது செய்வதாகத்தான் எனக்கு நினைப்பு.

சண்டை எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் டோசரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சவுதியிலிருந்து வந்த வாப்பா, பழைய செயின் டோசர் ஒன்றை வாங்கி நிறுத்தினார். டயர் கிடையாது. இரும்புப் பட்டைகளைக் கோத்த செயின்மேல் போகிற வண்டி. குற்றாலம் போகிற வழியெல்லாம் மனைக்கட்டு போட ஆரம்பித்திருந்த காலம் அது. மேடு தட்டவும் பள்ளம் நிரவவும் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் செயின் வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது, ரோடு பெயர்ந்துவிடும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் டிரெய்லர் லாரி வரவழைத்து, அதன் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்த ஏற்றுகிற வேலை இருக்கிறதே, அதில் மட்டும் வாப்பா யாரையும் நம்ப மாட்டார். மண்ணைத் தள்ளுகிறபோது சாகிறவனைவிட வண்டியை ஏற்றுகிறபோது சாகிறவன்தான் அதிகம் என்பார். டிரெய்லர் கெட்டியான சமதரையில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். செயினில் ஒட்டியிருக்கிற களிமண்ணைக் கடப்பாரையால் சுரண்டி எடுக்க வேண்டும். டிரெய்லரின் பின்னால் சரிவாக இறக்கிவிடுகிற இரும்புப் பலகைமேல், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ரயில் கட்டைகளை அடுக்க வேண்டும். இரும்புமேல் இரும்பு ஏறினால் வழுக்கும், எங்கள் ஊர்ச் சாரலில் கேட்கவே வேண்டாம். சரிவில் வண்டியைத் திருப்பவே கூடாது. நேராக வந்தால் ஏறு, இல்லையென்றால் இறங்கிப் போய் மறுபடி வா.

எல்லாவற்றிலும் மோசமான இடம் உச்சி. சரிவு முடிந்து டிரெய்லரின் தட்டு தொடங்குகிற விளிம்பில் டோசரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பாதி வண்டி அந்தரத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் ஒரு முழம் போனால் முன்பக்கம் தொப்பென்று தட்டில் விழும். அந்த ஒரு முழத்துக்கு ஓட்டுகிற ஆளுக்குத் தட்டும் தெரியாது, செயினும் தெரியாது. வானம் தெரியும். தள்ளி நின்று கை காட்டுகிற ஆள் தெரிவார். அவ்வளவுதான்.

எங்கள் டோசருக்குக் கை காட்டுகிற ஆள் உம்மா.

ஆரம்பத்தில் வாப்பா ரெண்டு மூன்று ஹெல்ப்பர்களை வைத்துப் பார்த்தார். ஒருத்தன் வண்டி மூக்கைத் தூக்கியதும் பயந்து ரெண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடிவிட்டான். இன்னொருத்தன் வா என்பதற்கும் போ என்பதற்கும் ஒரே மாதிரி கை ஆட்டினான். ஒருநாள் சோறு கொண்டுபோன உம்மாவை நிற்க வைத்து, "நீ காட்டுளா, பாப்போம்" என்றாராம். உம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டினாள். முதல் தடவையிலேயே வண்டி நூல் பிடித்த மாதிரி ஏறியது. அன்றிலிருந்து டோசர் ஏற்ற வேண்டுமென்றால் உம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கி மடக்கிக் காட்டினால் வா. கையை மூடித் தூக்கினால் நில். வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு: நில் என்று யார் காட்டினாலும் நிற்க வேண்டும், வா என்று ஒருத்தர்தான் காட்ட வேண்டும், அவரைத் தவிர உலகமே வா என்று கூப்பிட்டாலும் நகரக் கூடாது.

பொம்பளை கை காட்டி டோசர் ஏறுவதைப் பார்க்க டீக்கடைக் கூட்டம் கிளாசோடு வந்து நிற்கும். சீசனுக்கு அருவியில் குளிக்கப் போகிறவர்கள் வேனை ஓரம் கட்டிப் பார்ப்பார்கள். "அண்ணாச்சி, வீட்டுலயும் இப்படித்தானா?" என்று ஒருத்தர் சைகையும் சேர்த்துக் கேட்டதற்கு, "வீட்டுல ரிவர்ஸும் போவேன்" என்று வாப்பா சொன்னார். உம்மா முக்காட்டுக்குள் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்காது.

சரி, சண்டைக்கு வருகிறேன். பழைய கம்பெனியிலிருந்து வாப்பாவுக்கு மறுபடியும் விசா வந்தது. ரெண்டே வருடம், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார் வாப்பா. போனதெல்லாம் போதும் என்றாள் உம்மா. ஒன்பது வருடத்தில் அவர் வீட்டில் இருந்தது எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். வாப்பா ஏதோ சொல்ல, உம்மா ஏதோ சொல்ல, ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

உம்மாவின் கோபம் சமையலில் தெரியும். கோபம் வந்தால் ரசமும் துவையலும்தான். எட்டு நாள் ரசம். பள்ளிக்கூடத்துக்கும் ரச சோறு. என் பக்கத்தில் உட்காருகிறவள், "உங்க வீட்டுல யாருக்கும் காய்ச்சலாட்டி?" என்று கேட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் லீவு. காலையில் உம்மா என்னிடம் டீத்தூக்கைக் கொடுத்தாள். "உங்க வாப்பாட்டக் கேளு. போறதுன்னே முடிவு பண்ணியாச்சான்னு கேளு. நான் கேட்டேன்னே கேளு" என்றாள். இதைப் பதப்படுத்த வழியில்லை. அப்படியே கொண்டுபோய், மனைக்கட்டில் டோசருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த வாப்பாவின் காதில் கத்தினேன். வாப்பா கிரீஸ் பம்பைக் கீழே வைத்தார். காது கேளாதவர்களுக்குக் குரல் பெரிசாகத்தான் வரும், வாப்பாவுக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு, "ஆமான்னு சொல்லு" என்று மெதுவாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். டோசரை விற்றாகிவிட்டது, கேரளாவில் ரப்பர் தோட்டத்துக்காரர் வாங்கிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் வரும், உம்மா கை காட்ட வர வேண்டும்.

தூக்கைக் கையில் ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். 'ஆமா' என்று சொன்னால் முழுப்பரீட்சை வரைக்கும் ரசம்தான் என்று தோன்றியது. உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் வேறு வந்துவிட்டது.

"இல்லையாம் உம்மா. போகலையாம்."

"அவிய வாயால சொன்னாவளா?"

"ஆமா."

அல்லா, அந்த முகம் மாறியதே! உம்மா களைந்த தண்ணீரைக் கொட்ட மறந்து சட்டியோடு எழுந்து நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைச் சாளை மீன் வாங்க அனுப்பினாள். ஒரு பொய் சொன்னபிறகு அடுத்ததற்கு யோசிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் வருகிறது, கேரளாவில் வேலையாம் என்று மட்டும் சொன்னேன். முன்னேயும் எல்லையில் இருக்கிற புளியறை தாண்டி டோசர் வேலைக்குப் போயிருக்கிறது. உம்மா சந்தேகப்படவில்லை.

அன்று மத்தியானம் மீன்குழம்பைப் பார்த்த வாப்பா, தன் பயணத்துக்கு உம்மா சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். "குழம்பு நல்லா இருக்குன்னு உம்மாட்ட சொல்லு" என்றார். சொன்னேன். உம்மா சேலை முந்தியால் வாயை மறைத்துக்கொண்டாள். ரெண்டு பேருக்கும் சந்தோஷம். ஆனால் முதலில் யார் பேசுவது? வாப்பா பேசட்டும் என்று உம்மாவும், உம்மா பேசட்டும் என்று வாப்பாவும் இருந்ததில் என் பொய் ரெண்டு நாள் உயிரோடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியவில்லை. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்தது. உம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டி, தலையில் பூவும் வைத்துக்கொண்டாள். மனைக்கட்டில் டிரெய்லர் வந்து நின்றது. வாப்பா உம்மாவின் சேலையைப் பார்த்தார், பிறகு கடப்பாரையை எடுத்துச் செயினில் மண் சுரண்டப் போனார். வழக்கமாக அந்த வேலைக்குக் கூட வருகிற ஆட்களைத் திட்டுகிறவர் அன்று திட்டவில்லை.

கட்டைகள் கொடுத்தாகிவிட்டது. சரிவில் ரயில் கட்டைகள் அடுக்கியாகிவிட்டது. ஆட்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வாப்பா ஏறி உட்கார்ந்தார். டிரெய்லருக்கு முன்னால் இடது பக்கம் ஒரு மண்மேட்டில் உம்மா நின்றாள். நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். உம்மா கையை மடக்கி மடக்கி அழைத்தாள். டோசர் புகையைத் துப்பிக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கியது. வாப்பாவின் கண் உம்மாவின் கையை விட்டு அகலவில்லை. பதினோரு நாளில் அவர்கள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

மூக்கு மேலே தூக்கியது. பாதி வண்டி அந்தரத்தில் வந்தது.

அந்தச் சமயத்தில்தானா அந்த மனுஷர் வாயைத் திறக்க வேண்டும்! ரப்பர் தோட்டத்துக்காரர் அனுப்பிய ஆள் அவர். வண்டியைக் கூட்டிப்போக வந்தவர். எங்கள் பக்கத்தில் குடையோடு வந்து நின்று, மலையாளம் கலந்த தமிழில், உம்மாவை அக்கா முறையில் இத்தா என்றும் வாப்பாவை அண்ணன் முறையில் இக்கா என்றும் சொல்லி ஆறுதல் சொன்னார். "வண்டியை விட்டுப் பிரியுறது சங்கடம்தான், இல்லே இத்தா? எங்க முதலாளி நல்லா பாத்துக்கும். இக்கா அடுத்த வாரம் சவுதிக்குப் போகுமல்லோ, பின்னே இங்கே வண்டி எதுக்கு?"

உம்மாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். மடங்கி மடங்கி அழைத்துக்கொண்டிருந்த கை நின்றது. விரல்கள் மூடின. மூடிய கை மெதுவாக மேலே போனது.

நில்.

வாப்பா நிறுத்தினார். நிறுத்தவே கூடாத இடம் அது. மூக்கு வானத்தைப் பார்க்க, அத்தனை டன் இரும்பும் அந்த விளிம்பில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. டிரெய்லரின் பட்டைகள் முனகின. "ஏன் நிக்கு? என்னத்துக்கு நிக்கு?" என்று டீக்கடைக் கூட்டம் கேட்டது. டிரெய்லர் டிரைவர் முன்னால் ஓடிவந்து, "வாங்க, வாங்க, அங்கன நிக்காதீங்க!" என்று ரெண்டு கையாலும் கூப்பிட்டார். வாப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. உம்மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே தூக்கிய கை இறங்கவில்லை. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை முழுக்க ஒப்பித்துவிடலாம், அவ்வளவு நேரம். உண்மையில் அதில் பாதிதான் இருந்திருக்கும்.

பிறகு வலதுபக்கத்துக் கட்டை ஈர இரும்பில் வழுக்கியது. சர்ர்ரென்று ஒரு சத்தம். டோசர் நாலு விரற்கடை பின்னால் சறுக்கி, பின்பக்கம் லேசாகத் திரும்பியது. கூட்டத்தில் யாரோ "யம்மா!" என்று அலறினார்கள். நான் குடையைப் போட்டுவிட்டேன்.

உம்மாவின் கை திறந்தது. வா, வா, வா என்று வேகமாக அழைத்தது. வாப்பா எஞ்சினை முடுக்கினார். மூக்கு முன்னால் சாய்ந்து தட்டில் விழுந்தது. டிரெய்லர் முழுசும் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தது. அதற்கப்புறம் உம்மா அவரைக் கொஞ்சங் கொஞ்சமாக முன்னால் கூட்டிவந்தாள். இடது பக்கம் ஒரு அங்குலம். சரி. இன்னும் ஒரு சாண். சரி. சரியான இடம் வந்ததும் மறுபடி கையை மூடினாள். வாப்பா முன்னால் மண் தள்ளுகிற பிளேடைக் கட்டைமேல் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கினார்.

இறங்கினவர் நேரே சரிவுக்குப் போனார். நகர்ந்து கிடந்த கட்டையைக் குனிந்து பார்த்தார். காலால் ஒரு தள்ளு தள்ளினார். பிறகு எங்களிடம் வந்தார். நான் உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன். எல்லாம் வெளியே வரப் போகிறது, ரெண்டு பேரும் சேர்ந்து என் தோலை உரிக்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எதுக்குளா நிப்பாட்டுன?" என்று கேட்டார் வாப்பா. என்னிடம் சொல்லிக் கேட்கவில்லை. நேராகவே கேட்டார்.

உம்மா எட்டி அவர் காதருகே, "கட்டை நகந்துச்சு" என்றாள்.

வாப்பா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழைத்தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

"பயணம் எப்பம்?" என்று உம்மா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை."

"பெட்டிக்குப் பூட்டு இல்ல. வாங்கணும்."

"வாங்குவோம்" என்றார் வாப்பா. நாலு மூலைக்கும் சங்கிலி போட்டு இறுக்குவதற்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் உம்மா குனிந்து குடையை எடுத்தாள். "ஏட்டி, போகலைன்னு வாப்பாவா சொன்னாவ?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ எட்டு நாளா ரசமே வச்சல்லா" என்றேன். அடி விழும் என்று நினைத்தேன். உம்மா முந்தியால் என் தலையைத் துவட்டிவிட்டாள், கொஞ்சம் அழுத்தித் துவட்டினாள், அவ்வளவுதான். நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் வாப்பாவிடம் கட்டையின் மேல் பழியைப் போட்டாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காக உம்மாவிடம் எனக்கு ஒரு நன்றிகூட இருந்தது.

வாப்பா வெள்ளிக்கிழமை போனார். ரெண்டு வருடம் என்று போனவர், லீவுக்கு வந்து வந்து போனவர், ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நான் காலேஜ் முடித்திருந்தேன். ஒருநாள் ஏதோ பேச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். வாப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"கட்டை நான் நின்ன பொறவுதான் நகந்துச்சு" என்றார். "அதுக்கு முன்ன ஒண்ணும் ஆகல. சீட்டுல உக்காந்திருக்கவனுக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் அங்கனயே நின்னீங்க? வந்திருக்க வேண்டியதுதான?"

"உங்க உம்மா வான்னு சொல்லலல்லா" என்றார். சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வாப்பாவும் உம்மாவும் பேசிவிட்டார்கள் என்பதுதான். சங்கிலி போட்டு முடிப்பதற்குள் தெருவுக்கு ஓடிப்போய், "பேசிட்டாவ, பேசிட்டாவ!" என்று எதிர்வீட்டு மாமியிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சண்டை தீர்ந்தது என்று அப்படியொரு குதி குதித்தேன். உம்மா கையை மூடி அவரை அந்த உச்சியிலேயே பிடித்து வைத்திருந்தாள் என்பதும், இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தால் வண்டியோடு சரிந்துவிடுவார் என்று கண்ட பிறகுதான் விட்டாள் என்பதும் அந்தப் பத்து வயதுக்கு எட்டவில்லை.